முன்வாசல் கேமரா

போன் திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதனால் படம் நின்றுபோகவில்லை என்று அறிவழகன் ஒரு முடிவுக்கு வந்தான். நெட் போனால் மின்விசிறியும் சேர்ந்து நிற்கும், மூன்று றெக்கையும் தனித்தனியாகத் தெரியும். இப்போது கூரையில் ஒரு சாம்பல் வட்டம்தான் தெரிந்தது. திரையின் மூலையில் வினாடி எண் ஓடியது, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு. வாசலில் வைத்திருந்த செம்பருத்தியில் ஓர் இலை ஆடியது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா மட்டும் அசையவில்லை. போர்டிகோவில், நீல ஃபைபர் சேரில், இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, நேராகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்த்து என்றுகூடச் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியில் வெயில் பட்டு இரண்டு வெள்ளைப் பொட்டுகளாக இருந்தது. உள்ளே கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கினான். முகம் பெரிதானதும் முகமாக இல்லாமல் போனது, கட்டம் கட்டமாகச் சிதறி, கன்னம் எது காது எது என்று பிரிக்க முடியாத பழுப்பு நிறமானது. திரும்பச் சிறிதாக்கினால் அப்பா. பெரிதாக்கினால் யாருமில்லை.

வேண்டுமென்று திறந்ததில்லை அது. அபுதாபியில் முஸஃபா பக்கம், பாதி எழும்பி நிற்கிற கட்டடத்தின் அடியில், தகரக் கேபினில் மதிய ஓய்வு. கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். இருபது பேர் தரையிலும் பெஞ்சிலும் கிடந்தார்கள், ஏசி தண்ணீர் ஒரு பெயின்ட் வாளியில் சொட்டியது. நேற்றுச் சம்பளம் வந்த கையோடு ஊருக்கு அனுப்பியிருந்தான், மிச்சம் எவ்வளவு என்று பார்க்கப் போனபோது, பக்கத்திலிருந்த கேமரா ஆப்பில் விரல் பட்டுவிட்டது. ரொம்ப நாளாகத் திறக்காததால் பாஸ்வேர்டு கேட்டது. இரண்டு தடவை தப்பாகப் போட்டு மூன்றாவதில்தான் வீடு தெரிந்தது. நான்கு சதுரங்கள். கேட், முன்வாசல், ஹால், கொல்லை. மூன்றில் ஆளில்லை. இரண்டாவதில் அப்பா. சரி, உட்கார்ந்திருக்கிறார், என்று மூடப்போனான். அப்போதுதான் ஒரு காகம் படியேறி வந்தது, டைல்ஸ் தரையில் தத்தித் தத்தி, சேருக்கு அடியில் புகுந்து, அப்பாவின் இரண்டு கால்களுக்கும் நடுவே எதையோ கொத்திவிட்டு, மெதுவாகவே வெளியே போனது. காகத்தைக் கண்டால் கையிலிருப்பதை எறிகிற மனுஷர். கால்விரல்கூட அசையவில்லை.

தூக்கமாக இருக்கும். தூக்கம் என்றால் தலை சாயும், அப்பாவுக்கு எப்போதும் இடது பக்கம் சாயும், வாய் திறந்துகொள்ளும், பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து திட்டு வாங்குவார். இப்போது தலை நேராக இருக்கிறது. செத்திருந்தால் சாய்ந்திருக்கும், அதனால் சாகவில்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், ஆனால் மனசு ராம்தனியிடம் போய் நின்றது. பீகாரி வெல்டர், போன வருஷம். கேம்ப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம், காதில் ஹெட்போன், வெளியே பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தான். எல்லாரும் இறங்கினார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தான். ஒருத்தன் ஏறிப்போய்த் தோளைத் தொட்டான், தொட்ட கையை அவன் எடுத்த வேகத்திலேயே கீழே நின்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே செத்தான், எந்த சிக்னலில், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்கே தெரியவில்லை. ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் அறிவழகன்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. முக்கால் மணி நேரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தது, ஒரு வளைவில் ராம்தனியின் பாரம் முழுக்கத் தன் மேல் விழுந்தபோது எரிச்சலோடு முழங்கையால் தள்ளியது. உட்கார்ந்தபடியே போகலாம். நேராகவே போகலாம். அது தெரிந்தவன் எதை வைத்து இல்லை என்று சொல்லிக்கொள்வது?

அப்பாவுக்கு போன் போட்டான். காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இங்கே மணி போய்க்கொண்டிருந்தது. இரண்டு வினாடி கழித்துக் கேமரா வழியாக அங்கே மணி அடிப்பது கேட்டது, வீட்டுக்குள்ளிருந்து, டிவி ஸ்டாண்டின் மேலிருந்து. அவன் அடிக்கும் மணி, ஆளில்லாத ஹாலில் அடித்து, போர்டிகோவுக்கு வந்து, கேமராவுக்குள் புகுந்து, கடல் தாண்டி அவனிடமே வந்தது. அப்பா அசையவில்லை. காது மந்தம்தான், இருபது வருஷம் கல் கிரஷரில் நின்ற காது, பக்கத்தில் போய்க் கத்தினால்தான் விழும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் மணி நின்றதும் அந்த வீடு இன்னும் அமைதியானது. கேமராவில் பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தி, பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "அப்பா" என்றான். வீட்டில் அது போய்ச் சேர்ந்து எதிரொலித்துத் திரும்பி வந்தது. "அப்பா." அவன் குரல் இல்லை அது. கட்டையாக, தகரத்தில் உரசியதுபோல, வேறு யாரோ அந்த வீட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. கூப்பிட்டவனை அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியதும், அப்படித் தோன்றியதற்காக அவனுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளைச் சட்டை. இவ்வளவு நேரமும் கண்ணில் பட்டு மனசில் படாமல் இருந்தது இப்போதுதான் பட்டது. அப்பா வீட்டில் சட்டை போடுவதில்லை, துண்டுதான். இது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தது, தலை வாரியிருந்தது, நெற்றியில் திருநீறுகூட இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் யார் இப்படி உடுத்தி உட்காருவார்கள்? உடுத்தி உட்கார வைப்பார்கள். அந்த நினைப்பை அவன் முடிக்கவில்லை, அதுவாகவே முடிந்துகொண்டது. அம்மாவுக்கு மஞ்சள் சேலை கட்டியிருந்தார்கள். அதையும் போனில்தான் பார்த்தான். சித்தப்பா மகன் ஃப்ரீசர் பெட்டிக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு, தெரியுதாண்ணே தெரியுதாண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் போன் வெளிச்சம் அடித்து, அம்மா முகம் இருக்க வேண்டிய இடத்தில் போன் பிடித்திருந்தவனின் முகம்தான் தெரிந்தது. தெரியுது என்று சொன்னான். அன்றிலிருந்து அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யார் கேட்டாலும் பதிலில் ஒரு தயக்கம் வந்துவிடும். இப்போது அப்பாவின் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வெயில். தெரியுதா என்று கேட்க அங்கே ஆளும் இல்லை.

திருப்பூரிலிருக்கும் அக்காவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவள் அழுவாள், அழுதுகொண்டே பஸ் ஏறினாலும் வந்து சேர ராத்திரி ஆகும். அடுத்த வீட்டுத் தையல்நாயகிச் சின்னம்மாவை அழைத்தான். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"சின்னம்மா, நான் அறிவு. எங்க இருக்க?"

"ரேசன் கடையிலப்பா. மிசினு என் கைரேகைய எடுக்க மாட்டேங்குது, முக்கா மணி நேரமா நிக்கிறேன். என்னா தம்பி இந்த நேரத்துல?"

"அப்பா வாசல்ல உக்காந்திருக்காரு. அசையவே இல்ல சின்னம்மா. போனும் எடுக்கல. கொஞ்சம் போயிப் பாரேன்."

"காலையில நல்லாத்தான இருந்தாரு? நான் வரயில சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தாரே." கூச்சலிலிருந்து அவள் விலகி நடப்பது தெரிந்தது. "அசையலன்னா எப்பிடி? கேமராவுல பாத்தியா?"

"ஆமா."

"எவ்வளவு நேரமா?"

"இருவத்தஞ்சு நிமிசம்."

"போறேன்," என்றாள், "நீ ஒண்ணும் நெனைக்காத, போறேன்."

ரேசன் கடையிலிருந்து வீட்டுக்கு அவள் நடைக்குப் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அவனுக்கு எதிரே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக அப்பாவிடம் எப்போது பேசினோம்? இந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. போன ஞாயிறு என்று நினைத்தான். அதற்கு முந்தின ஞாயிறாக இருக்கலாம். பேசியவை எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால் எது எந்த ஞாயிறு என்று பிரியவில்லை. முன்பெல்லாம் பணம் அனுப்புவது ஒரு நாள் வேலை. எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று கட்டி, வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டு, கட்டிட்டேன்பா என்று சொல்லி, அவர் மூன்றாம் நாள் பஸ் ஏறி பேங்குக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து பார்த்து, வந்துருச்சுடா என்று கூப்பிட்டு, வழியில் யாரைப் பார்த்தார், பேங்கில் யார் என்ன கேட்டார்கள், டீ குடித்த கடையில் வடை ஆறியிருந்தது வரை சொல்லுவார். இப்போது இங்கே விரல் வைத்தால் அங்கே சேர்ந்துவிடுகிறது. சேர்ந்தது என்று பச்சை டிக் வந்துவிடுகிறது. வந்துருச்சா என்று கேட்க வேண்டியதில்லை, வந்துருச்சு என்று சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் பில்லை இங்கிருந்தே கட்டினான், கேஸ் இங்கிருந்தே பதிந்தான், பால்காரருக்கு, மளிகைக் கடைக்கு, மாத்திரை வாங்கும் மெடிக்கலுக்கு எல்லாம் இங்கிருந்தே. அப்பாவுக்கு எந்தச் சிரமமும் இல்லை, எங்கேயும் அலைய வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான், கேபினில் எல்லாரிடமும். தெருவிலேயே பெரிய வீடு, கிரானைட் படி, நான்கு கேமரா. சும்மா இருந்தால் போதும். இப்போது அவர் இருக்கிற சும்மாவைப் பார்க்கப் பார்க்க, அந்த வார்த்தை அவன் வாய்க்குள் கசந்தது. போனில் பேசிய பட்டியலைத் திறந்து பார்க்க விரல் போனது. வேண்டாம் என்று விட்டான். பிறகு திறந்தான். முப்பத்தோரு நாள். மூடிவிட்டான். பச்சை டிக் மட்டும் அந்த முப்பத்தோரு நாளில் ஆறு தடவை விழுந்திருந்தது.

"யாருடா அது, உங்கப்பாவா?" பக்கத்தில் படுத்திருந்த சேசுராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர், கம்பி கட்டும் மேஸ்திரி. "போட்டோவா?"

"இல்லண்ணே. லைவ்வு."

சேசுராஜ் அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்திலிருந்த தூக்கம் போனது. எழுந்து, சம்மணம் போட்டு, அறிவழகனின் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தத் தோளின் கனம் பஸ்ஸை நினைவுபடுத்தியது. அவன் விலகவில்லை.

முதல் சதுரத்தில் கேட் திறந்தது. சின்னம்மா உள்ளே வந்தாள், வேகமாக வந்தவள் வரவர மெதுவானாள். இரண்டாவது சதுரத்தில் அவள் முதுகு நுழைந்தது. "மாமா," என்று கூப்பிட்டது கேமராவில் கேட்டது. இன்னும் நெருங்கினாள். "மாமா." அவள் குனிந்தாள், இப்போது அவள் முதுகுதான் திரை முழுக்க, அப்பாவின் ஒரு முழங்காலும் அதன் மேலிருந்த கையும் மட்டும் தெரிந்தது. அவள் கை நீண்டு அந்தக் கையைத் தொட்டது. தொட்டதும் துள்ளிப் பின்னால் வந்தாள். தொட்ட கையை எடுத்த அந்த வேகம் அறிவழகனுக்குத் தெரிந்த வேகம். சேசுராஜ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போது முழங்காலில் இருந்த அந்தக் கை எழும்பியது. எழும்பி, சின்னம்மாவின் இடுப்புப் பக்கம் வந்து, இப்படித் தள்ளு என்பதுபோல இரண்டு தடவை ஆட்டியது.

"மறைக்காம நில்லும்மா," என்றார் அப்பா.

சின்னம்மா ஓரமாக ஒதுங்கினாள். அப்பா கையைத் திரும்ப முழங்காலில் வைத்து, பழையபடி நேராக உட்கார்ந்துகொண்டார். பிறகு அசையவில்லை. சேசுராஜ் அண்ணன் சத்தமில்லாமல் சிரித்து, அறிவழகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பப் படுக்கப் போனார். சின்னம்மாவின் அழைப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்காருப்பா, எனக்குத்தான் உசுரு போயிட்டு வந்துச்சு. இது நீ பாக்குற நேரமாம். தெனம் ரெண்டு மணிக்கு உக்காந்துருவாராம். ஆடுனா படம் கலங்குமாம், நீதான் சொன்னியாம், அதான் ஆடாம இருக்காராம். இந்தா குடுக்குறேன், பேசு." திரையில் அவள் போனை நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. அவர் வாய் அசைந்தது. "போன் எதுக்குங்குறாரு," என்றாள் சின்னம்மா, "அதான் பாக்குறானேங்குறாரு. நான் வரட்டா தம்பி, பைய வரிசையில வச்சாச்சு, ரேசன் கார்ட எம் மருமவகிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்." கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

ஜூன் மாதம். கேமரா மாட்டின மறுநாள். மத்தியானம் ரெஸ்ட் விடுறாங்கப்பா, நம்ம ஊருக்கு ரெண்டு மணி, அப்ப ஒன்னப் பாத்துக்குறேன், என்று அவன் சொன்னது உண்மைதான். ஆடாதப்பா, நெட் சரியில்ல, படம் கலங்குது, என்று சொன்னதும் உண்மைதான். முதல் வாரம் பார்த்தான். பிறகு தூக்கம் வந்தது. மெமரி கார்டில் முப்பது நாள் வரை இருக்கும், தேதியைத் தொட்டால் அந்த நாள் திறக்கும். நேற்றைத் தொட்டான், மதியம் இரண்டரை. நீல சேர், அப்பா, வெள்ளைச் சட்டை. முந்தாநாள். சேர், அப்பா, கோடு போட்ட சட்டை. அதற்கு முந்தைய நாள் மழை, படம் மங்கல், சாரல் டைல்ஸை நனைத்திருந்தது, அப்பா சேரைச் சுவர் ஓரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார், கால் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கரண்ட் இல்லாமல் கறுப்பு. அந்தக் கறுப்பிலும் அவர் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. ஆறாம் தேதி தலையில் துண்டைச் சுற்றிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காய்ச்சல் போல, உடம்பு நடுங்கியது, நடுங்கும்போதெல்லாம் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து நடுக்கத்தை நிறுத்தப் பார்த்தார். அவருக்குக் காய்ச்சல் வந்ததே அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு மெடிக்கலுக்குப் பணம் போட்டிருந்தான், எதற்கென்று கேட்காமல். நாளைத் தொடத் தொட அப்பா. சட்டைதான் மாறியது. மற்றபடி ஒரே ஆள் ஒரே மாதிரி முப்பது பேராக உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள். இந்த முப்பது நாளும் இந்த நேரத்தில் தான் எப்படிக் கிடந்தோம் என்று யோசித்தான். வாயைத் திறந்துகொண்டு, சுவரைப் பார்த்துக் குப்புற, சிலநாள் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவரை யாருமே பார்க்காதபோதும் அவர் ஆடாமல் இருந்திருக்கிறார்.

சத்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்று எதற்குத் தோன்றியதோ. ஹெட்போனை மாட்டி, ஒன்பதாம் தேதியை நாலரை மணிக்குத் தள்ளினான். மின்விசிறிச் சத்தம், தூரத்தில் ஆடு. அப்பா தொண்டையைச் செருமினார். "எந்திரிக்கட்டுமாடா?" என்று கேமராவிடம் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிஷம் போல இருக்கும். பதில் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்த மாதிரி. பிறகு முழங்காலை ஊன்றி எழுந்து, சேரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பத்தாம் தேதி. "எந்திரிக்கட்டுமாடா?" பதினொன்று. பன்னிரண்டு. காய்ச்சல் நாளில் குரல் கீச்சென்று வந்தது. மழை நாளில் குரல் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. ஒவ்வொரு நாளும் கேட்டார், ஒவ்வொரு நாளும் காத்திருந்தார், ஒவ்வொரு நாளும் யாரோ சரி என்று சொல்லிவிட்டதைப் போலத்தான் எழுந்து போனார்.

மூன்று மணிக்கு விசில் ஊதினார்கள். படுத்தவர்கள் எழுந்து ஹெல்மெட்டைத் தேடினார்கள், பூட்ஸ் சத்தத்தில் கேபின் அதிர்ந்தது. அவன் பழைய நாட்களை மூடிவிட்டு இன்றைக்கு வந்தான். அப்பா இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் பார்க்கிறான் என்று இன்றைக்குச் சின்னம்மா வாயால் கேட்டிருக்கிறார். முகத்தில் ஏதோ இருந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது, போட்டோ எடுக்கும்போது உதட்டை இறுக்கிக்கொள்வார்களே, அது. தொண்டையைச் செருமினார்.

"எந்திரிக்கட்டுமாடா?"

பொத்தானை அழுத்தினான். "எந்திரிப்பா," என்றான். இரண்டு வினாடி கழித்து அந்தக் கட்டைக் குரல் அங்கே கேட்டுத் திரும்பி வந்தது. அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்தார், உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் மடித்து வைத்தார். "எந்திரிப்பா, போதும்ப்பா, பாத்துட்டேன்," என்று கத்தினான். கேபினில் எல்லாரும் திரும்பினார்கள். அப்பா கையைக் காதிலிருந்து எடுத்தார். என்ன விளங்கியதோ, தலையை ஆட்டினார். கழுத்துப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கைகளை முழங்காலில் வைத்தார். எழவில்லை. தினமும் பதில் வராதபோது எழுந்தவர், இன்றைக்குப் பதில் வந்ததால் எழவில்லை.

"அறிவு, ஃபோர்மேன் பாக்கான்டே," என்றார் சேசுராஜ் அண்ணன் கதவருகிலிருந்து.

மேலே தளத்துக்கு போன் கொண்டுபோகக் கூடாது. கேபினில்தான் வைக்க வேண்டும். ஆப்பை மூட விரலைக் கொண்டுபோனான். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அங்கேயே நின்றது. பிறகு சார்ஜரைச் செருகி, போனை ஜன்னல் ஓரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெயில் முகத்தில் அறைந்தது. கதவைச் சாத்தும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பெஞ்சுகள் காலியாக இருந்தன. வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில், உள்ளங்கையளவு வெளிச்சத்தில், அப்பா ஆடாமல் உட்கார்ந்து, ஆளில்லாத கேபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.